அஸ்வத்தாமன் இன்று சென்னையில் நடமாடலாமா?

புராண இதிகாசங்களை இன்றைய மாயப்புனைவாக எழுத முயலும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் நாவலில் அஸ்வத்தாமன் இன்றும் உயிரோடு இருக்கிறான். பகலில் சென்னையில் பழைய புத்தகக் கடையில் வேலை, இரவில் அசுரர்களோடு சண்டை. படித்த நண்பர்கள், "சூப்பர் ஹீரோ கதையாக இருக்கிறது, மகாபாரதமாக இல்லை" என்கிறார்கள். எங்கே தவறு? (திண்டுக்கல் வாசகர்)

சாகாவரத்தை எடுத்துக்கொண்டு சாபத்தை விட்டுவிட்டீர்கள். மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் கண்ணன் அஸ்வத்தாமனுக்கு இடும் சாபத்தை வரி வரியாகப் படியுங்கள். துணையின்றித் திரிவாய், யாரோடும் பேச முடியாது, மனிதர் நடுவே உனக்கு இடமில்லை, உடம்பிலிருந்து சீழும் இரத்தமும் நாறும், காடும் பாழ்நிலமுமே உன் இருப்பிடம், எல்லா நோயும் உன்னைப் பற்றும். இப்படிப்பட்டவன் புத்தகக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேச முடியாது. அவனைக் கடையில்தான் உட்காரவைப்பேன் என்றால், சாபத்தின் எந்த நிபந்தனை எப்படித் தளர்ந்தது என்று கதை சொல்லியாக வேண்டும். அந்தத் தளர்வே உங்கள் கதையாகவும் ஆகலாம்.

இன்னொன்று இருக்கிறது. கலியுகம் முடியும்வரை அலைவான் என்பது பரவலான நம்பிக்கை. மூலத்தில் உள்ள கணக்கோ 3000 ஆண்டுகள். மரபுக் கணக்குப்படி கலியுகம் கி.மு. 3102-இல் தொடங்குகிறது. போர் முடிந்து 36-ஆம் ஆண்டில் யாதவர் அழிந்து கண்ணன் மறைய, அதையொட்டிக் கலி பிறக்கிறது. அப்படியானால் போர் கி.மு. 3138. அதோடு 3000 ஆண்டைக் கூட்டினால் சாபம் தீரும் காலம் கி.மு. 138 வாக்கு. வரலாற்று ஆய்வாளர்கள் இந்தத் தேதிகளை ஏற்கமாட்டார்கள், ஆனால் புனைவுக்கு மரபின் உள்கணக்கு போதும். சாபம் தீர்ந்த மறுநாள் அவன் என்ன செய்தான்? 3000 ஆண்டுகளாக யாரிடமும் பேசாதவன் முதன்முதலில் வாய் திறந்தபோது எந்த மொழியில் பேசினான்? அதை எழுதினால் இரவுச் சண்டைகளைவிட ஆயிரம் மடங்கு கனமான கதை கிடைக்கும்.

அவன் நெற்றி மணியையும் மறக்க வேண்டாம். பிறவியிலேயே இருந்த மணி அது. அணிந்தவனுக்கு ஆயுதம், நோய், பசி எதனாலும் அச்சமில்லை. பீமன் அதைக் கொண்டுவந்து திரௌபதியிடம் கொடுக்க, அவள் சொல்ல, தருமன் தலையில் சூடிக்கொள்கிறான். பிறகு அது எங்கே போயிற்று என்பது புனைவெழுத்தாளருக்குத் திறந்து கிடக்கும் கதவு. விஷ்ணு புராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடுத்த துவாபரத்தில் வியாசர் ஆகப்போகிறவனே துரோணரின் மகனான இந்த அஸ்வத்தாமன்தான் என்கிறது. உறங்கிக் கிடந்த இளையோரைக் கொன்றவன் வேதத்தைப் பகுக்கப்போகிறான்! இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு மூன்று பாகம் எழுதலாம்.

கேள்வி: டிவி தொடரிலும் பாட்டி சொன்ன கதையிலும்தான் எனக்கு மகாபாரதம் தெரியும். எழுதத் தொடங்கும் முன் எதைப் படிக்க வேண்டும்? முழுவதும் படித்தே தீர வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

நீங்கள் மாற்றி எழுதப்போகும் பகுதியையாவது மூலத்துக்கு மிக நெருக்கமான மொழிபெயர்ப்பில் முழுவதும் படித்தாக வேண்டும், சுருக்கங்கள் போதாது. திரௌபதியைப் பற்றி எழுதுவதானால் ஆதி, சபா, வன, விராட, சௌப்திக பருவங்கள். தமிழில் கும்பகோணம் பதிப்பு இருக்கிறது. நடை பழையது, ஆனால் எதையும் விழுங்காதது. புனே பண்டார்கர் நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த ஆய்வுப் பதிப்பு 1,259 சுவடிகளை ஒப்பிட்டு உருவானது. எது எல்லாச் சுவடிகளுக்கும் பொது, எது பின்னால் சேர்ந்தது என்று பார்க்க அதுதான் அளவுகோல். வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதியதே அந்தப் பதிப்பில் பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது.

நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சிகள்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கும். மயன் மண்டபத்தில் துரியோதனன் நீரில் விழுந்தபோது திரௌபதி "குருடன் மகன் குருடன்" என்றாள் என்று எழுதாதவர் இல்லை. வியாசரில் அந்த வசனம் கிடையாது. சகுனியின் பகடை அவன் தகப்பன் எலும்பில் செய்தது என்பதும் அங்கே இல்லை. இராமாயணத்துக்கு வந்தால், இலக்குவன் கோடு வால்மீகியில் இல்லை. வால்மீகியின் அகலிகை கல்லாகவும் இல்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றையே உணவாக்கி, சாம்பலில் கிடக்கிறாள். கம்பனில்தான் கல். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அதைப் பொறுக்கமாட்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகவைக்கிறான்.

பின்னால் சேர்ந்தது என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. துரியோதனன் கேட்ட "எடுக்கவோ, கோக்கவோ" வியாசரில் இல்லை. வில்லிபுத்தூரார் தந்தது. கர்ணன் தன் புண்ணியத்தையெல்லாம் தாரை வார்ப்பதும் வில்லி பாரதத்தில்தான். அர்ஜுனன் மகன் அரவான் மூலத்தில் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் சாகிறான். தமிழ்நாட்டிலோ போருக்கு முன்பே களப்பலியாகிறான், கூவாகத்தில் ஆண்டுதோறும் அவனுக்காகத் தாலி கட்டி அறுக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் காவல் நிற்கும் போத்துராசாவையும் முத்தால ராவுத்தரையும் எந்த வடமொழிச் சுவடியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு முஸ்லிம் வீரன் திரௌபதிக்குக் காவல் என்ற கற்பனையை நம் கூத்து மரபு எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்துவைத்திருக்கிறது. இன்றைய மறுபுனைவாளருக்கு இதைவிடத் துணிச்சலான முன்னோடி கிடையாது.

வேலைமுறை இதுதான். நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஒரு சொல் குறியுங்கள்: வியாசர், வில்லி, கூத்து, டிவி, சொந்தம். 'டிவி' என்று விழுந்த காட்சிகளை அடித்துவிடுங்கள். அவை வேறொருவர் கற்பனை. மற்றவை எல்லாமே உங்கள் பயன்பாட்டுக்கு உரியவை.

கேள்வி: என் நாயகிக்குப் பத்து திவ்யாஸ்திரங்கள் கொடுத்தேன். பாதிக் கதைக்கு மேல் அவளை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, எனக்கே அலுத்துவிட்டது. அஸ்திரங்களைக் குறைப்பதா, எதிரியை இன்னும் பெரிதாக்குவதா? (மதுரை வாசகி)

எதிரியைப் பெரிதாக்கினால் அவனை வெல்ல இன்னொரு அஸ்திரம் வேண்டும், பிறகு அதைவிடப் பெரிய எதிரி வேண்டும். அந்த ஏணிக்கு முடிவே இல்லை. இதிகாசம் அந்த வழியில் போகவில்லை. அங்கே ஒவ்வொரு பெரிய ஆயுதமும் ஒரு நிபந்தனையோடு வருகிறது, கதை நடப்பது அந்த நிபந்தனையில்தான்.

கர்ணனைப் பாருங்கள். இந்திரன் தந்த சக்தி ஆயுதத்துக்கு விலை, உடலோடு பிறந்த கவசமும் குண்டலமும். ஒரே ஒரு முறைதான் ஏவலாம். அர்ஜுனனுக்கென்று பொத்திப்பொத்தி வைத்திருந்ததைப் பதினான்காம் நாள் இரவில் கடோத்கசன் மேல் எறிய வேண்டியதாகிறது. அந்த நொடியில் கர்ணன் தோற்றுவிட்டான், மிச்சம் மூன்று நாளும் அதன் நிழல்தான். பரசுராமரிடம் கற்ற பிரம்மாஸ்திரத்துக்கோ, பொய் சொல்லிக் கற்றதற்கான சாபம்: உயிர் போகும் நேரத்தில் நினைவுக்கு வராது. நாராயணாஸ்திரத்தை எதிர்த்தால் அது வளரும், ஆயுதத்தைக் கீழே போட்டு நின்றால் அடங்கிவிடும். பீமனுக்கு அதுதான் முடியாத காரியம். பாசுபதத்தை அற்ப வலிமை உடையவர்மேல் ஏவக் கூடாது, ஏவினால் உலகமே எரியும் என்று சிவனே சொல்லித்தான் கொடுக்கிறார்.

வனபருவத்தில் அர்ஜுனன் அஸ்திரங்களை ஐந்து விதிகளோடு கற்றதாகச் சொல்கிறான். உரைகாரர்கள் விரிக்கும் ஐந்து: ஏவுதல், திரும்ப அழைத்தல், மீண்டும் மீண்டும் ஏவுதல், தவறிப்போய்க் குற்றமற்றவர் மேல் பட்டால் செய்யும் பரிகாரம், எதிரியின் அஸ்திரத்தைத் தடுத்தல். பெரும்பாலான புதுக்கதைகளில் முதலும் கடைசியும் மட்டுமே வருகின்றன. நடுவில் இருப்பதில்தான் கதை ஒளிந்திருக்கிறது. அஸ்வத்தாமன் ஒரு புல்லில் மந்திரம் ஓதி பிரம்மசிரஸ் என்ற அஸ்திரத்தை ஏவுகிறான், அர்ஜுனனும் எதிர் ஏவுகிறான், நாரதரும் வியாசரும் நடுவே வந்து நிற்கிறார்கள். அர்ஜுனனால் திரும்ப அழைக்க முடிந்தது. அஸ்வத்தாமனுக்கு அந்தப் பாடம் கைவரவில்லை. அதனால் அது பாண்டவர் வீட்டுக் கருவை நோக்கித் திரும்புகிறது. ஒரு பிரம்மசிரஸை இன்னொன்றால் அடித்த நாட்டில் 12 ஆண்டு மழை பெய்யாது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆயுதத்தின் விலையைப் போருக்குப் போகாத உழவன் தருகிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

உங்கள் பத்தை மூன்றாக்குங்கள். அறுபதாயிரம் சொல் நாவலுக்கு அதற்கு மேல் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அதில் நான்கு வரி: யார் தந்தது, என்ன விலை, எங்கே செல்லாது, தவறினால் யார் தலையில் விழும். நான்காவது வரி காலியாக இருந்தால் அந்த அஸ்திரம் வெறும் பட்டாசு. மூன்றில் ஒன்றாவது, கதை பாதியைத் தாண்டும் முன் வாசகர் கண்ணெதிரே பொய்க்க வேண்டும். அப்போதுதான் இறுதியில் அவள் மந்திரம் சொல்லத் தொடங்கும்போது வாசகருக்கு மூச்சு நிற்கும். முடிவுக்கு வழி தேடும்போது மௌசல பருவத்தைத் திறந்து பாருங்கள். காண்டீவத்துக்கு நாணேற்றவே அர்ஜுனன் திணறுகிறான், மந்திரங்கள் நினைவில் எழவில்லை, வற்றாத தூணி வற்றிவிட்டது. தடியோடு வந்த கொள்ளையர் அவன் கண் முன்பே பெண்களைக் கவர்ந்து போகிறார்கள். மகாவீரனின் கதைக்கு இதைவிடப் பயங்கரமான கடைசிக் காட்சி எந்த மொழியில் இருக்கிறது?

கேள்வி: சூரபத்மன் பக்கம் நின்று எழுத ஆசை. ஆனால் எழுதியதைப் படித்தால் அசுரர் எல்லாரும் நல்லவர், தேவர் எல்லாரும் சூழ்ச்சிக்காரர் என்று வெறும் தலைகீழாக்கலாக இருக்கிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

உங்கள் ஊரில் கந்தபுராணப் படிப்பு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அதைப் பாடிய கச்சியப்பர் சூரனை எளிய கெட்டவனாக எழுதவில்லை. 108 யுகம், 1008 அண்டம் ஆளத் தவம் இருந்து வாங்கிய வரம் அவனுடையது, திருடியது இல்லை. வாங்கிய பிறகு செய்ததுதான் குற்றம். தேவர்களைக் கடலில் மீன் பிடித்துச் சுமக்கவைத்தான், இந்திரன் மகன் சயந்தனை வீரமகேந்திரத்தில் சிறைவைத்தான். இந்தக் குற்றங்களை நீக்கிவிட்டு அவனை நாயகன் ஆக்கினால் எதிரே முருகன் நிற்பதற்கே காரணம் இல்லாமல் போகும். குற்றத்தை அப்படியே வையுங்கள், பார்க்கும் கண்ணை மாற்றுங்கள்.

சிங்கமுகன் இருக்கிறான். தேவரை விடுதலை செய்துவிடு என்று அண்ணனிடம் சொல்கிறான், கேட்கவில்லை என்றதும் அண்ணனுக்காகவே போய்ச் சாகிறான். அவனைவிட நமக்குப் பிடித்தவன் இரணியன். சூரனின் மகன், அப்பாவுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தவன். போர்க்களத்திலிருந்து மறைந்து, மீனாகிக் கடலுக்குள் போய்விடுகிறான். குலமே அழிந்த பிறகு தகப்பனுக்கு ஈமக்கடன் செய்ய ஒருவன் மிஞ்ச வேண்டுமே என்பது அவன் நினைப்பு. கோழையா, கடமை தவறாதவனா? வாசகர் புத்தகத்தை மூடிய பிறகும் இரண்டில் ஒன்றைச் சொல்ல முடியக் கூடாது. கதையை அவன் வாயில் வையுங்கள், தலைகீழாக்கும் சிக்கல் தானாகவே போய்விடும்.

குலவரிசையும் உதவும். காசியபர்தான் எல்லாருக்கும் தகப்பன். அதிதியின் பிள்ளைகள் ஆதித்தியர், திதியின் பிள்ளைகள் தைத்தியர், தனுவின் பிள்ளைகள் தானவர், கத்ருவின் பிள்ளைகள் நாகர், விநதைக்குக் கருடன். சூரனும் மாயையின் வழியே காசியபரின் மகன்தான். தேவாசுரப் போர் என்பது மாற்றாந்தாய்ப் பிள்ளைகளின் பாகப்பிரிவினைச் சண்டை. நம் கிராமங்களில் வரப்புக்காக வெட்டிக்கொள்ளும் பங்காளிகளை அறிந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பாதாளத்தை நரகம்போல் இருட்டாக எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். அங்கே போய் வந்த நாரதர், இந்திர லோகத்தைவிட அழகு என்று தேவர் சபையிலேயே சொன்னதாக விஷ்ணு புராணம் சொல்கிறது.

கேள்வி: பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்? "பிரபோ, தங்கள் சித்தம் அடியேன் பாக்கியம்" என்றால் நாடகம்போல் இருக்கிறது. பேச்சுத்தமிழ் போட்டால் சிரிப்பு வருகிறது. (கோவை வாசகர்)

இரண்டையும் விடுங்கள். சொற்களை இன்றைய எழுத்துத் தமிழிலும், வாக்கியத்தைப் பேச்சின் நீளத்திலும் வையுங்கள். "நீங்கள் சொன்னால் போகிறேன். போக மனமில்லை" என்று கர்ணன் சொன்னால் அது எந்த யுகத்திலும் செல்லும். 'பிரபோ', 'நாதா', 'அந்தோ' மூன்றையும் தேடி நீக்குங்கள்.

பழமையின் வாசனை வேண்டுமானால் அழைக்கும் பெயரில் வையுங்கள். இதிகாச மாந்தர் ஒருவரையொருவர் பெற்றோர் பெயரால் அழைப்பது வெறும் அலங்காரத்துக்காக இல்லை. ஊரார் 'ராதேயன்' என்கிற கர்ணனை, தனியே சந்திக்கும் ஒருவர் முதன்முறையாக 'குந்தியின் மகனே' என்றால், அந்த ஒரு விளியிலேயே அவன் வாழ்க்கை இரண்டாகப் பிளந்துவிடும். தமிழ் உறவுமுறைகளும் துணை. பாண்டவருக்குத் திருதராஷ்டிரன் பெரியப்பா. "அரசே" என்று ஐம்பது பக்கம் அழைத்த தருமன், சூதாடித் தோற்றபின் "பெரியப்பா" என்று கூப்பிட்டால் போதும். அபிமன்யுவுக்குக் கண்ணன் தாய்மாமன் என்பதையும் நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: போர்ப்படை எண்ணிக்கை, உணவு, நேரம் போன்றவற்றில் பிழை வராமல் இருக்க? (திருச்சி வாசகர்)

ஓர் அக்குரோணி என்ற படைப்பிரிவு 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். ஒரு தேருக்கு ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் என்ற விகிதம் எங்கும் மாறாது. பாண்டவருக்கு ஏழு, கௌரவருக்குப் பதினொன்று. பதினெட்டுக்கும் சேர்த்தால் யானை மட்டும் 3,93,660. இத்தனைக்கும் தீனியும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள், அந்தப் பக்கத்தை வாசகர் மறக்கமாட்டார்.

மடைப்பள்ளியில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, நிலக்கடலை கூடாது. எல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. காரத்துக்கு மிளகு, திப்பிலி. பீமன் விராடன் அடுக்களையில் மிளகாய் வதக்கினால் கதை அங்கேயே படுத்துவிடும். நாழிகை 24 நிமிடம், முகூர்த்தம் 48 நிமிடம். நாளைத் திதியாலும் நட்சத்திரத்தாலும் சொல்லுங்கள். மகாபாரதத்தில் செவ்வாய், வெள்ளி என்று கிழமைக் கணக்கு இல்லை.

கேள்வி: வைமானிக சாஸ்திரத்தில் உள்ள விமான வரைபடங்களை அறிவியல் ஆதாரமாகக் காட்டலாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லி எழுதப்பட்ட நூல். 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, அந்தக் கலங்கள் பறக்க இயலாதவை என்று காட்டிவிட்டார்கள். புஷ்பகத்துக்கு இயந்திர விளக்கம் எதற்கு? அது குபேரனுடையது, இராவணன் பறித்தது, நினைத்த இடத்துக்குப் போவது, எத்தனை பேர் ஏறினாலும் இடம் கொடுப்பது. தன்னைப் பறித்தவனுக்கும் பணிந்து பறக்கிறதே என்ற கேள்வி எந்த வரைபடத்தையும்விட நல்ல கதை.

கேள்வி: சட்டச் சிக்கல் வருமா? (புதுச்சேரி வாசகி)

வியாசருக்கும் கம்பனுக்கும் காப்புரிமை இல்லை. ஆனால் அவர்களை மொழிபெயர்த்தவர் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை அந்த மொழிபெயர்ப்பின் வரிகளுக்கு உண்டு. மொழிபெயர்ப்பைப் படித்துச் செய்தியை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய சட்டப்பிரிவு, வேண்டுமென்றே, தீய நோக்கோடு செய்வதைத்தான் குறிக்கிறது. இருந்தாலும் வழிபாட்டில் உள்ள தெய்வங்களைக் கையாளும்போது, பதிப்பகத்திடம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: பாற்கடலைக் கடைவதில் தொடங்கி, வம்சவரலாறு முழுவதும் சொல்லி, 80 பக்கம் கழித்துத்தான் என் நாயகி பிறக்கிறாள். பதிப்பாளர் வெட்டச் சொல்கிறார். முன்கதை தெரியாமல் வாசகருக்கு எப்படிப் புரியும்? (சிங்கப்பூர் வாசகி)

பதிப்பாளர் சொல்வது சரி. மகாபாரதமே சந்தனுவில் தொடங்கவில்லை. நைமிசாரண்யம் என்ற காட்டில் உக்கிரசிரவஸ் என்ற கதைசொல்லி சொல்லத் தொடங்குகிறார். அவர் சொல்வதோ ஜனமேஜயன் பாம்புகளைக் கூட்டங்கூட்டமாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்த வேள்வியில் சொல்லப்பட்ட கதை. அர்ஜுனனின் கொள்ளுப்பேரன், தகப்பனைக் கடித்த தட்சகனைப் பழிவாங்க ஒரு இனத்தையே எரிக்கிறான், அந்த நேரத்தில் அவனுக்கு அவன் முன்னோர் ஒருவரையொருவர் அழித்த கதை சொல்லப்படுகிறது. முன்கதை யாருக்குச் சொல்லப்படுகிறது, அவர் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதால்தான் அதற்குச் சூடு பிறக்கிறது.

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில், நாயகி தன் வளர்ப்புத் தாயை விட்டு ஓடிப்போகும் இரவு இருக்கிறது. முதல் பக்கம் அதுதான். பாற்கடல் பகுதியில் மோகினி அமுதம் பங்கிடும்போது ராகுவின் தலை அறுபடும் காட்சியை நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டவேண்டாம். நாயகி முதன்முதலாகப் பொய் வேடம் போட்டு விருந்துக்குள் நுழையும் அத்தியாயத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி அதைச் சொல்லட்டும், மூன்று பக்கத்துக்குள். மற்ற வம்சவரலாறு முழுவதையும் உங்கள் நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.